டிஸ்க்கில் இடமில்லை

போன வாரம் எங்கள் பெங்களூரு ஆபீசில் ஒரு சின்னச் சண்டை. சண்டை என்றால் கைகலப்பு இல்லை. மென்பொருள்காரர்கள் சண்டை போட்டால் குரல்கூட உயராது, நாற்காலி மட்டும் கொஞ்சம் வேகமாகச் சுழலும். என் குழுவில் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து வருடம்கூட ஆகவில்லை, தன் மடிக்கணினியில் டிஸ்க் போதவில்லை என்றாள். ஐநூறு ஜிபி. "இதை வச்சுக்கிட்டு எப்படி வேலை பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டு, வேலை பார்க்காமல் காப்பி குடிக்கப் போய்விட்டாள். மென்பொருள் எழுதுகிறவருக்கு ஆபீஸ் கணினியில் எவ்வளவு டிஸ்க் வேண்டும் என்று மற்றவர்கள் நெடுநேரம் விவாதித்தார்கள். ஆளுக்கொரு கணக்கு. கடைசியில், தலை நரைத்தவன் என்ற மரியாதைக்காக என்னைக் கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பினேன். அதற்கு நேரான பதில் எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கேள்விக்கு ஒருவர் மரியாதையாகப் பதில் சொல்லப்போய், ஓர் ஆபீசையே மூடும் நிலை வந்தது மட்டும் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டே நாளில் புது மடிக்கணினி வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசம். எல்லாரும் குனிந்து மோந்து பார்த்தார்கள். எனக்கு அந்த வாசம் ஒட்டவே ஒட்டாது. என்னைப் பொறுத்தவரை கணினி என்றால் அதில் மிளகு வாசம் அடிக்க வேண்டும்.

கிண்டல் இல்லை. நான் முதன்முதலில் வேலை பார்த்த ஆபீஸ் கொல்லிமலையில், செம்மேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரோட்டோரமாக இருந்தது. கட்டடத்துக்காரருக்கு நாமக்கல் பக்கம் பல தொழில். தங்கும் விடுதி என்று ஆரம்பித்து, என்னவோ சிக்கலில் பாதியில் நின்றுபோன கட்டடம் அது. சென்னைக் கம்பெனி ஒன்று அதை வாடகைக்குப் பிடித்தது. மலைமேல் ஏசி வேண்டாம், படித்த பிள்ளைகளும் குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பார்கள் என்று யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். கிளை திறந்தார்கள் என்பதைவிடத் திறந்து பார்த்தார்கள் என்பதே சரி. பிடித்தால் வைத்துக்கொள்வது, பிடிக்காவிட்டால் கணினிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவது. இது எங்களுக்கும் தெரியும், அவர்களும் மறைக்கவில்லை.

பக்கத்து அறையைக் கட்டடத்துக்காரர் காலி செய்யவில்லை. அதில் மிளகு மூட்டைகள் அடுக்கியிருக்கும். கணினிக்குள் இருக்கும் விசிறி அந்தத் தூசியை இழுத்து இழுத்து, பெட்டிக்குள்ளே மெல்லியதாக ஒரு படலம் படிந்துவிட்டது. காலையில் கணினியைப் போட்டால் முதலில் விசிறி சுற்றும், அடுத்து நான் தும்முவேன், அதற்கப்புறம்தான் திரையில் வெளிச்சம் வரும். இந்த வரிசை மாறினால் எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

நான் அடிவாரத்து ஆள், காளப்பநாயக்கன்பட்டி. அந்த வேலைமேல் எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. கிடைத்த வேலை, போனேன். காலையில் மேலே போகிற பஸ்ஸில் வாத்தியார்கள் இருப்பார்கள், நர்சம்மா இருப்பார், செம்மேட்டுக் கடைகளுக்குப் போகும் காய்கறிக் கூடைகள் இருக்கும், நடுவில் லேப்டாப் பை இல்லாத மென்பொருள்காரனாக நான் இருப்பேன். எங்கள் மாமா ஒருவர் பஸ் நிற்கும் இடத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "ஊரே மலையை உட்டு எறங்கி வேலைக்குப் போகுது. நீ ஏன் கண்ணு வேலைக்குன்னு மலையேறுற?" நான் குளுகுளுவென்று இருக்குமென்று சொல்வேன். அவர் அடுத்த நாளும் கேட்பார்.

ஆபீசில் நாங்கள் ஐந்து பேர். பொறுப்பில் இருந்தவர் சேந்தமங்கலத்துத் தேவராஜ் அண்ணன். யாரையும் அதட்டத் தெரியாதவர், அதனாலேயே அவரை மேலாளராக்கினார்களோ என்னவோ. மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; குண்டனி நாட்டிலிருந்து இரண்டு பேர், நாள் முழுக்கப் பேசாமல் வேலை பார்ப்பார்கள். அப்புறம் ஆலத்தூர் நாட்டு அலமேலு அக்கா. நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் பொறியியல் படித்துவிட்டு, மலையிலேயே கல்யாணம் ஆகி, மலையிலேயே வேலையும் பார்த்தவர். அவர் கணவர் மிளகும் காப்பியும் போட்டிருந்தார், மேட்டில் கொஞ்சம் சாமை. பால்வாடிக்குப் போகும் ஒரு பெண் குழந்தை. அலமேலு அக்கா எங்கள் எல்லாரையும்விட வேகமாக நிரல் எழுதுவார், சாயங்காலம் மணி ஆனதும் எங்கள் எல்லாரையும்விட வேகமாகக் கிளம்பியும் விடுவார்.

டிஸ்க் கதைக்கு வருகிறேன். எங்கள் கணினிகளில் இருந்தது நூற்றிருபது ஜிபி. வீட்டில் கல்யாணப் போட்டோ பார்க்க அது தாராளம். மென்பொருள் எழுதுகிறவனுக்கு ஒண்டுக் குடித்தனம். கணினியை இயக்கும் மென்பொருளே கால்வாசி இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். நிரல் எழுதும் கருவிகள் அதற்குப் பக்கத்தில். அப்புறம் லைப்ரரிகள், அதாவது வேறு யாரோ எழுதி வைத்ததை நாம் எடுத்துக் கோத்துக்கொள்ளும் நிரல்கள். அப்புறம் எமுலேட்டர், கணினிக்குள்ளே ஓடும் பொய் போன். விதவிதமான போன்களை வாங்கித் தர மனம் இல்லாத கம்பெனிகள் பொய் போனில் சோதிக்கச் சொல்லும். ஒவ்வொரு பொய் போனும் நிஜப் போனைவிட அதிக இடம் கேட்கும். இதெல்லாம் போக நாம் எழுதுவதற்கு மிஞ்சுவது, மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒண்டுகிறவனுக்குக் கிடைக்கும் இடம்தான்.

சென்னைக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இடம் தீர்ந்தால் எதையாவது அழிப்பார்கள், வேண்டும்போது இன்டர்நெட்டிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்வார்கள். எங்களுக்கு இன்டர்நெட் எதிர்மேட்டுக் கோபுரத்திலிருந்து காற்றில் வந்தது. மஞ்சு, அதாவது மலைப்பனி, மூடினால் அது போய்விடும். மூடாத நாளிலும் மெயில் வரும், போகும், அவ்வளவுதான். பெரிதாக எதையும் இறக்க முடியாது. மலைமேல் ஒன்றை அழித்தால் அழித்ததுதான்.

அதனால் ஒரு ஏற்பாடு, யாரும் திட்டமிடாமல் தானாக உண்டானது. எல்லாம் எல்லாரிடமும் இருக்க இடமில்லை. ஆகவே பொய் போன்கள் எல்லாம் தேவராஜ் அண்ணன் கணினியில். வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் தகவல்கள் குண்டனி நாட்டுக்காரர்களிடம், ஆளுக்குப் பாதி. எங்கள் நிரலின் பழைய பதிப்புகள் என்னிடம். லைப்ரரிகள் அலமேலு அக்காவிடம். ஐந்து கணினிகளையும் ஒயர் போட்டு இணைத்திருந்தோம். ஊருக்குள் ஒரு வீட்டில் கடப்பாரை, ஒரு வீட்டில் ஏணி, ஒரு வீட்டில் பெரிய அண்டா என்று இருக்குமே, அந்த மாதிரி.

"அக்கா, அந்த வரைபடம் காட்டுற லைப்ரரி உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க தம்பி, எடுத்துக்கங்க. பழசை அழிச்சுப்போடாதீங்க, அண்ணனுக்கு வேணும்."

இப்படித்தான் பகல் முழுக்கப் பேச்சு ஓடும். அலமேலு அக்கா லீவு போட்டால் காலையிலேயே போன் வந்துவிடும்: "என்ற கம்ப்யூட்டர ஆரும் அணைச்சுப்போடாதீங்க." அணைத்தால் எங்கள் எல்லாருக்கும் வேலை நின்றுவிடும்.

புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு நான் இருந்தேன். சாயங்காலம் ஆபீசின் வெளி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்குவேன். காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் காலைக்குள் இறக்கி வைப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு மறுபடி மலையேறுவேன். உள்ளே தட்டு சுழல்கிற பழைய வகை டிஸ்க், அடிபட்டால் செத்துப்போகும். அதனால் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் பையை மடியில் தூக்கி வைத்துக்கொள்வேன். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்கும் வழக்கம் அந்த பஸ்ஸில் உண்டு. ஒருமுறை உட்கார இடமில்லாமல் பையை மார்போடு அணைத்து நின்றேன், கண்டக்டர் பார்த்து எனக்கே இடம் வாங்கிக் கொடுத்தார். மலைக்கிளையின் இன்டர்நெட் என்றால் அது நான்தான். வேகம் கொஞ்சம் குறைவு.

தேவராஜ் அண்ணன் வெளியே போயிருந்த ஒரு நாளில் அந்த போன் வந்தது. சென்னையில் எல்லாக் கிளைகளுக்கும் கணினி வாங்கித் தரும் பொறுப்பில் இருந்தவர் பிரபாகர் சார். அவரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அலமேலு அக்கா எடுத்தார். எல்லாருக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் போட்டார்.

"எல்லா பிராஞ்சுக்கும் புது மெஷின் வாங்கறோம். உங்களுக்கு டிஸ்க் எவ்ளோ வேணும்?"

"இருக்கறதே போதுங்க சார்."

"ஷ்யூர்?"

"சமாளிச்சுக்குவோமுங்க சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சூப்பர்" என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். நாங்கள் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. நல்ல பதில் என்றே நினைத்தோம். எங்கள் பக்கத்தில் ஒருவர் 'என்ன வேணும்?' என்று கேட்ட மாத்திரத்தில் யாரும் வாயைத் திறந்து கேட்டுவிட மாட்டார்கள். நாக்கு வறண்டு போய் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்தாலும், காப்பி என்றால் "இப்பத்தானுங்க குடிச்சுட்டு வாரேன்" என்பதுதான் முதல் பேச்சு. "அட, கொஞ்சூண்டு குடிங்க" என்று அவர்கள் சொல்ல வேண்டும். "வேண்டாமுங்க" என்று மறுபடி சொல்ல வேண்டும். அதற்கப்புறம் டம்ளர் தானாகக் கைக்கு வரும். முதல் தடவையிலேயே சரி என்கிறவனை ஏதோ சோற்றுக்கு இல்லாதவன் என்று நினைப்பார்கள். மலைமேலும் இதுதான், கீழேயும் இதுதான். பிரபாகர் சார் கேட்ட அந்த 'ஷ்யூர்' எங்கள் காதில் மறுபடி உபசரித்ததாக விழவில்லை. உபசரிக்கிற குரலே வேறு.

தேவராஜ் அண்ணன் வந்ததும் சொன்னோம். "நல்லாச் சொன்னீங்க அலமேலு. எடுத்த எடுப்புலயே கேட்டா நல்லாவா இருக்கும்? மறுக்கா கூப்பிடுவாங்க, அப்பச் சொல்லிக்கலாம்" என்றார். மறுபடி கூப்பிடும்போது ஐநூறு என்று சொல்வதாக முடிவு செய்தோம். அது ரொம்ப அதிகமோ என்று அண்ணனுக்குக் கூச்சம்.

மறுபடி போன் வரவில்லை. புதுக் கணினிகள் வந்தன. அதே நூற்றிருபது. கூடவே ஒரு மெயில். மலைக்கிளை சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டு, மற்ற கிளைகளும் பின்பற்றலாம் என்று எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள்.

அதுவரை எங்களுக்கு வந்தவை சில்லறை வேலைகள். அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய வேலை ஒன்று வந்து சேர்ந்தது. கோழிப்பண்ணைக்காரர்களுக்கு ஒரு போன் செயலி. தீவனம் எவ்வளவு, முட்டை எவ்வளவு, எந்தக் கொட்டகையில் கோழி சுணங்கி நிற்கிறது என்று பண்ணையாட்கள் போனிலேயே பதிய வேண்டும். பண்ணையாட்கள் வைத்திருப்பது வகைவகையான பழைய போன்கள். அத்தனை வகைக்கும் பொய் போன் வேண்டும். தை பிறப்பதற்குள் ஓடுகிற மாதிரி ஒன்றைக் காட்டினால் மலைக்கிளை நிற்கும், இல்லாவிட்டால் சேலத்துக் கிளையோடு சேர்த்துவிடுவோம் என்று சென்னையில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சேலம் என்றாலும் சரிதான். பஸ் மாறும், அவ்வளவுதான். தேவராஜ் அண்ணனும் எப்படியோ சமாளிப்பார். ஒருநாள் சாயங்காலம் செம்மேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அலமேலு அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "கீழ எறங்குனா எனக்கு வேலை கெடைக்குமுங்க தம்பி. எங்கூட்டுக்காரரு மொளகுக் கொடியப் புடுங்கிட்டு எங்கூட வர முடியுங்களா? புள்ளைய இங்க உட்டுப்போட்டு நான் மட்டும் போறதுன்னா, அப்படி ஒரு வேலையே வேண்டாமுங்க. ஆனா தம்பி, எனக்கு வேலையும் வேணும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

கேட்டுவிட வேண்டியதுதானே என்று நான் சொன்னேன். "வேண்டாம்னு சொன்ன வாயால எப்படிங்க மறுக்கா கேக்கறது?" என்றார். தேவராஜ் அண்ணன் ஒரு மெயில் எழுதிப் பார்த்தார். தங்களுக்குச் சிரமம் இல்லாவிட்டால், நேரம் கிடைக்கும்போது, டிஸ்க் விஷயமாக ஒரு வார்த்தை பேசலாமா என்று, கேட்கிற பொருள் எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய மெயில். சென்னையிலிருந்து நன்றி என்று பதில் வந்தது. நாமே ஒரு டிஸ்க் வாங்கி மாட்டிவிடலாமே என்று தோன்றும். வாடிக்கையாளர் தகவல் இருக்கும் கணினியை நாம் திறக்கக் கூடாது, ஆபீஸ் கொடுத்த வெளி டிஸ்க் ஒன்றைத் தவிர வேறெதையும் செருகவும் கூடாது, அது விதி.

வேறு வழியில்லாமல் அழிக்க ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அழிப்பு என்று ஆகிவிட்டது. முதலில் என் சினிமாப் பாட்டுகள் போயின. என் ரசனையைப் பற்றி ஏற்கெனவே அபிப்பிராயம் வைத்திருந்த குண்டனி நாட்டுக்காரர்கள் அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்கள். அண்ணனின் கோயில் திருவிழாப் படங்கள் போயின. அலமேலு அக்காவின் கணினியில் சொந்தப் பொருள் என்று அழிக்க ஒன்றுமே இல்லை, திரையின் பின்னணியில் மகள் சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்றைத் தவிர. "இது எவ்வளவு எடம் எடுக்குமுங்க?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். எறும்பு அளவுகூட இல்லை, இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னார்.

மார்கழியில் அது நடந்தது. நான் கீழேயிருந்து கொண்டுவந்த புது லைப்ரரிகளை அலமேலு அக்கா தன் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும் வேலை. பழையது போயிற்று, புதியது பாதி வந்தது, டிஸ்க்கில் இடமில்லை என்று சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. அதே நேரத்தில் நாங்கள் நான்கு பேரும் அவர் கணினியிலிருந்து லைப்ரரிகளை எடுத்து எங்கள் நிரலோடு கோத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு திரையாக நின்றது. வெளி டிஸ்க்கிலும் பழையது இல்லை, அதிலும் இடம் வேண்டுமென்று துடைத்திருந்தோம்.

"தம்பி, எல்லாம் போச்சுங்க" என்றார் அலமேலு அக்கா. குரல் மட்டும் இறங்கியிருந்தது. அழவெல்லாம் இல்லை.

நான் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இறங்கினேன். கீழே ஒரு லைப்ரரி கிடைக்கும், அதற்குத் தேவையான இன்னொன்று கிடைக்காது. மேலே கொண்டுவந்தால் ஒன்று குறையும், மறுபடி இறங்க வேண்டும். அந்த நாட்களில் மஞ்சு வேறு. நான் வருவதற்குள் அலமேலு அக்கா ரோட்டுக்கே வந்து நிற்பார். பஸ் நின்றதும் என் முகத்தைப் பார்க்க மாட்டார், பையைத்தான் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காகி நிரல் மறுபடி ஓட ஆரம்பித்தபோது தை நெருங்கிவிட்டது. செயலி அரைகுறையாக நின்றது.

பிரபாகர் சார் போனில் பேசினார். "டிஸ்க் போதும்னு நீங்களே சொன்னீங்க. அப்ப போதாதது ஆளுங்கதான், இல்லையா?" நாளை மறுநாள் தானே மலைக்கு வருவதாகவும் கணினிகளை எடுத்துப் போக ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

வந்தார். கொண்டை ஊசி வளைவுகள் அவரை ஒரு வழி பண்ணியிருந்தன. காரை வழியில் பலமுறை நிறுத்தியதாக டிரைவர் பிற்பாடு சொன்னார். முகமெல்லாம் வெளிறி, காரிலிருந்து இறங்கியதும் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மனிதர் கடுமையான ஆள் இல்லை, எங்கள் வயதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அலமேலு அக்கா இஞ்சி தட்டிப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். கிளையை மூட வந்தவராக இருந்தாலும் வந்தவர் வந்தவர்தானே. வீட்டிலிருந்து சாமைச் சோறும் பச்சை மிளகு அரைத்த கோழிக்குழம்பும் கொண்டுவந்திருந்தார். கணினிகளை ஒதுக்கிவிட்டு மேசையிலேயே இலை போட்டோம்.

பிரபாகர் சார் பசியில்லை என்றார். அக்கா சோறு போட்டார். கொஞ்சம் சாப்பிட்டு, போதும் என்றார். இன்னொரு கரண்டி விழுந்தது. "ஐயோ, நிஜமாவே போதும்" என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். விரல் இடுக்கு வழியாகக் குழம்பு விழுந்தது. அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"போதும்னு சொன்னா ஏன் கேக்கவே மாட்டேங்கறீங்க? நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அலமேலு அக்கா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "நானுந்தானுங்க சார் சொன்னேன். அன்னைக்கு போன்ல. நீங்க ஒரே தடவையில உட்டுப்போட்டீங்க."

தேவராஜ் அண்ணன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பிரபாகர் சாருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி. இப்ப கேக்கறேன். டிஸ்க் எவ்ளோ வேணும்?"

பழக்க தோஷத்தில் மறுபடியும் பழைய பதிலே வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

"ஆளுக்கு ஆயிரம் ஜிபிங்க சார்."

ஐநூறு என்றுதான் பேசி வைத்திருந்தோம். அண்ணன் தண்ணீர் டம்ளரைத் தேடினார்.

"சென்னையிலயே யாருக்கும் அவ்ளோ கிடையாது" என்றார் பிரபாகர் சார்.

"உங்களுக்கு வேண்டியதில்லீங்க சார். நீங்க அழிச்சதை மறுக்கா எறக்கிக்குவீங்க. இங்க ஒண்ணை எறக்கோணும்னா இந்தத் தம்பி மலையெறங்கி, மலையேறி வரோணும்."

பிரபாகர் சார் என்னைப் பார்த்தார். தினமுமா என்றார். வேலை நாட்களில் என்றேன். அவர் வாசல் பக்கம் திரும்பி, தான் ஏறி வந்த ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அதே வளைவுகளில் அவர் இறங்கியாக வேண்டும். எங்கள் பக்கம் அதைவிட நல்ல வக்கீல் யாரும் இருந்திருக்க முடியாது.

கணினிகள் போகவில்லை, டிஸ்க்குகள் வந்தன. சென்னையில் என்ன சொன்னாரோ, எங்களுக்கு அவகாசமும் வாங்கிக் கொடுத்திருந்தார். தை முடிவதற்குள் செயலி ஓடியது. பண்ணைக்காரர்கள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள், கிளை நின்றது. கதையாக இருந்தால் அன்றைக்கு அலமேலு அக்கா எல்லாருக்கும் மலைப் பலாச்சுளை கொண்டுவந்திருப்பார்; கொண்டுவரவில்லை, கை குலுக்கவும் இல்லை. பலா பழுக்கும் காலமும் இல்லை அது. மணி ஆனதும் வழக்கம்போல வேகமாகக் கிளம்பி வீட்டுக்குப் போனார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. டிஸ்க் பெரிதானதும் எல்லாரும் எல்லாவற்றையும் தங்கள் கணினியிலேயே வைத்துக்கொண்டார்கள். உங்ககிட்ட இருக்குதுங்களா என்று கேட்க ஒன்றும் இல்லாமல் போனது. ஆபீஸ் முன்பைவிட அமைதியாக, சுறுசுறுப்பாக ஓடியது. லீவு போட்டவர் போன் செய்வதும் நின்றது. பிறகு மலைக்கு இன்டர்நெட் கேபிள் வந்தது. வந்த அன்று அண்ணன் தேங்காய் உடைத்தார். அந்த மாதமே பிரவுசிங் சென்டர்காரர், ஏன் தம்பி வருவதே இல்லை என்று கேட்டார். அடுத்த வருடம் நான் பெங்களூருக்கு வந்துவிட்டேன். யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரணமும் இல்லை.

ஊரடங்கு காலத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் பழகிக்கொண்டோம் அல்லவா, அதற்கப்புறம் அந்தக் கட்டடத்துக்கு வாடகை எதற்கு என்று கம்பெனி விட்டுவிட்டது. கட்டடத்துக்காரர் கடைசியில் நினைத்தபடி விடுதி நடத்துகிறார். தேவராஜ் அண்ணன் சேந்தமங்கலத்தில் தம் வீட்டு மாடியிலிருந்து ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறார். அலமேலு அக்கா ஆலத்தூர் நாட்டிலேயே இருக்கிறார், தோட்டத்து நடுவில், சொந்த வீட்டில். இப்போது அவருக்குக் கீழே பெரிய குழு. எவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. நிரல், லைப்ரரி, பொய் போன் எல்லாம் எங்கோ தூரத்தில் ஒரு கணினியில் இருக்கின்றன. அவர் மேசையில் இருப்பதில் வேலை சம்பந்தமாக ஒன்றுமே இல்லை. எவ்வளவு இடம் வேண்டுமென்று அந்தத் தூரத்துக் கணினி தானே அளந்து தானே கொடுத்துக்கொள்கிறது.

நேற்று அவருக்கு போன் செய்தேன். மகள் கல்லூரிக்குப் போகிறாளாம். போன மழையில் இடி விழுந்து கணினி கருகிவிட்டதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்குப் பழைய பதற்றம் வந்துவிட்டது.

"ஐயோ, எல்லாம் போச்சுங்களாக்கா?"

"ஒண்ணும் போகலீங்க தம்பி. புதுசு ஒண்ணைக் கூரியர்ல அனுப்பி வெச்சாங்க. திறந்தேன், பேரைச் சொன்னேன், சோறு வேகறதுக்குள்ள அத்தனையும் வந்து நின்னுக்கிச்சு." கூடவே சொன்னார்: "இப்பல்லாம் எதுவும் அழிஞ்சு போறதில்லீங்க. அதனால ஆரும் வாரதும் இல்லை."

வருத்தமாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று குரலிலிருந்து பிரிக்க முடியவில்லை. நல்ல செய்திதானே அக்கா என்றேன். நல்ல செய்திதானுங்க என்றார். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மலையில் இப்போது யாருக்கும் நான் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடியது ஒன்றும் இல்லை.